கிடா இறங்கிய நாள் முதல் குட்டி விழும் நாள் வரை: வேல்ஸ் மலைக் கிராமத்தில் பருவங்கள்

டவிக்கரை | 2024 நவம்பர் 6

எல்லோருக்கும் வணக்கம். நடு வேல்ஸில் மகன்த்லெத் என்ற சந்தை ஊருக்கு மேலே, டவி ஆற்றில் போய்ச் சேரும் ஓடை ஒன்றின் ஓரமாக உள்ள சின்னக் கிராமத்தில் ஆறு வருடமாக இருக்கிறோம். நான் செவிலியர். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் என் வேலை. அதனால் சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளின் அடுப்படி எல்லாம் எனக்குப் பழக்கம்.

நேற்று எங்கள் எதிர் வயலில் செம்மறிக் கிடாக்களை இறக்கினார்கள். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் மஞ்சள் சாயம் குழைத்துப் பூசியிருந்தது. கிடா எந்தப் பெட்டையோடு சேர்ந்ததோ அதன் பின்முதுகில் சாயம் ஒட்டிக்கொள்ளும். பதினாறு பதினேழு நாள் கழித்து வேறு நிறம் பூசுவார்கள். மஞ்சளுக்கு மேல் நீலமும் விழுந்திருந்தால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். எந்த ஆடு எந்த வாரம் ஈனும் என்று நிறத்தை வைத்தே பிரித்துக்கொள்வார்கள். நவம்பர் 5 இங்கே ஊரெல்லாம் வாணவேடிக்கை நடக்கும் இரவு. அன்றைக்குக் கிடா இறங்கினால் 147 நாள் கணக்கில் ஏப்ரல் 1ஐ ஒட்டிக் குட்டி விழும்.

இங்கே வந்த முதல் வருடம், பிப்ரவரியில் நல்ல வெயில் அடித்த ஒரு நாள், பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் "வசந்தம் வந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து புல்லைக் கிள்ளிப் பார்த்தார். "ஆட்டின் வாய்க்கு இன்னும் அகப்படவில்லையே" என்றார். மண் ஐந்தாறு டிகிரியாவது சூடானால்தான் புல் வளரும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து நானும் நாட்காட்டியை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். இங்கே பருவம் வேலையில்தான் முதலில் தெரிகிறது.

வேல்ஸில் மக்கள் சுமார் 31 லட்சம். ஆடுகள் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனாலும் நம்மவர்கள் வேல்ஸ் என்றால் கார்டிஃப் நகரத்தையும் மழையையும்தான் சொல்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் எழுதுங்களேன். உங்கள் ஊரில் பருவம் மாறியதை எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள்?

---

மொழிப்பித்தன் | நவம்பர் 8

அக்கா, நான் அபெரிஸ்ட்வித்தில் இருக்கிறேன், மூன்று வருடமாக வெல்ஷ் படிக்கிறேன். நீங்கள் சொல்லும் வேலைக்கணக்கு மாதப் பெயர்களிலேயே இருக்கிறது.

இந்த மாதம் நவம்பர், வெல்ஷில் டாக்வெத். சொல்லின் பொருள் 'வெட்டு', அதாவது கால்நடைகளை வெட்டும் மாதம். குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாத மாடுகளையும் பன்றிகளையும் இப்போது வெட்டி உப்புக்கண்டம் போட்டார்கள். செப்டம்பர் மெடி, 'அறுவடை'. டிசம்பர் ரக்விர், பகல் குறுகிய மாதம்.

எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது ஜூலை. கோர்ஃபென்னாவ் என்றால் 'கோடை முடிவு'. ஜூலையிலேயே கோடை முடிந்துவிட்டதா? என் ஆசிரியை விளக்கினார். பழைய கணக்கில் மே 1 கோடையின் முதல் நாள், நவம்பர் 1 குளிர்காலத்தின் முதல் நாள். மே, ஜூன், ஜூலை மூன்றும் கோடை. அப்படிப் பார்த்தால் ஜூன், அதாவது மெஹெவின், 'நடுக்கோடை' ஆகிறது. ஜூலையோடு கோடை சரியாக முடிகிறது.

அந்த மே 1 வெறும் திருநாளும் அல்ல. அந்தக் காலத்தில் குடும்பத்தோடு மாடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் கோடைக் குடிலுக்கு ஏறுவார்கள். அந்தக் குடிலுக்கு ஹாவொட் என்று பெயர். கோடை முழுக்க அங்கேயே வெண்ணெய், பாலாடைக்கட்டி. நவம்பருக்கு முன்னால் கீழே உள்ள பழைய வீட்டுக்கு, அதாவது ஹெண்ட்ரேக்கு, இறங்கிவிடுவார்கள். அந்த வழக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் மலைப்பாதையில் நடக்கும்போது வீட்டுப் பலகைகளைப் பாருங்கள். மேலே இருப்பது ஹாவொட் ஏதோ, கீழே இருப்பது ஹெண்ட்ரே ஏதோ. ஊர்ப்பெயரே பருவத்தைச் சொல்லும்.

---

சிவகங்கைச்சீமை | நவம்பர் 9

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. என் தாத்தா கிடை போட்டவர், அதனால் கேட்கிறேன். படங்களில் பார்த்தால் மலைமேல் வேலியே இல்லை, மேய்ப்பவரும் இல்லை. ஆடுகள் எப்படிக் கலந்துவிடாமல் இருக்கின்றன?

---

டவிக்கரை | நவம்பர் 10

அண்ணே, நல்ல கேள்வி. இதைக் கேட்டதும் பெரியவரிடமே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.

வெல்ஷில் கனெவின் என்று ஒரு சொல் உண்டு. ஆட்டுக்குப் பழகிய மலைப்பகுதி என்று அர்த்தம். மனிதருக்குப் பழகிய இடத்துக்கும் அதே சொல்தான். தாய் ஆடு தன் குட்டியை எங்கே மேய்த்ததோ அந்தச் சரிவை அந்தக் குட்டி ஆயுளுக்கும் விடாது. எந்த ஓடையில் தண்ணீர், எந்தப் பாறை மறைப்பில் பனிக்காற்று அடிக்காது என்பதெல்லாம் தாயிடமிருந்து குட்டிக்கு, அதன் குட்டிக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். வேலி இல்லாமலே மந்தை தன் எல்லைக்குள் நிற்கும். எல்லையோரத்தில் கொஞ்சம் கலக்கும். அதற்குக் காதுவெட்டும் கம்பளியில் சாயக் குறியும் இருக்கின்றன. பண்ணை கைமாறினாலும் மலை மந்தை பெரும்பாலும் பண்ணையோடேயே போகும். வெளியிலிருந்து வாங்கி வந்த ஆட்டுக்கு அந்த மலை தெரியாதே!

அதனால்தான் 2001ஐப் பற்றிப் பேசும்போது இங்கே குரல் தாழ்ந்துவிடுகிறது. அந்த வருடம் கோமாரி நோய் வந்து பிரிட்டன் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். மலைப்பாதைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். தெற்கே பிரெக்கன் மலைகளில் கனெவின் பழகிய மந்தைகளே ஆயிரக்கணக்கில் போயின. இழப்பீட்டுப் பணத்தில் ஆடு வாங்கலாம். அந்த மலையை அறிந்த ஆட்டை எங்கே வாங்குவது? புதிய மந்தைக்கு மனிதர்கள் நாள்தோறும் மலையில் நின்று எல்லை பழக்க வேண்டும், வருடக்கணக்கில்.

இன்னொன்றும் சொன்னார். 1986 மே மாதத் தொடக்கத்தில், செர்னோபில் விபத்து நடந்த ஒரு வாரத்தில், வடக்கு வேல்ஸ் மலைகளில் பலத்த மழை. அதோடு கதிரியக்க சீசியமும் இறங்கியது. மலைமேல் இருப்பது மக்கிய செடிகளால் ஆன கரிமண். அது சீசியத்தைக் கட்டி வைக்காமல் புல்லுக்கு மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டே இருந்தது. விற்கப் போகும் ஆட்டை முதலில் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு கடைசிப் பண்ணைகளுக்கு 2012இல்தான் நீங்கியது. 26 வருடம்! வசந்த மழைதானே என்று அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்றார்.

---

கார்மார்த்தன் மருத்துவர் | டிசம்பர் 10

மூன்று நாளாக மின்சாரம் இல்லை, இன்றுதான் வந்தது. டாரா புயல் சனிக்கிழமை விடியலில் எங்கள் பக்கம் அடித்துவிட்டுப் போனது. வேல்ஸின் மேற்கு, தெற்குக் கரைகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை. முந்தின நாள் மாலை எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது.

அந்த மூன்று நாளைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் ஊர் பால் மாட்டுப் பண்ணை ஊர். கறவை இயந்திரம் ஓடாவிட்டால் மாட்டுக்கு மடி கட்டிவிடும். ஜெனரேட்டர் இருந்த பண்ணைக்காரர் தன் கறவை முடிந்ததும் அதை டிராக்டரில் கோர்த்து அடுத்த பண்ணைக்கு இழுத்துக்கொண்டு போனார், பிறகு அதற்கடுத்த பண்ணைக்கு. சாலையில் விழுந்த மரங்களை யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு ரம்பத்தோடு வந்து அறுத்து ஒதுக்கினார்கள். விறகு அடுப்பு இருந்த வீட்டில் பெரிய பாத்திரத்தில் கவ்ல் கொதித்துக்கொண்டே இருந்தது. ஆட்டிறைச்சி, லீக், உருளைக்கிழங்கு, மஞ்சள் டர்னிப் போட்ட இந்த ஊர்க் குழம்பு அது. முதல்நாளைவிட மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால்தான் ருசி.

என் நோயாளிப் பட்டியலில் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்று நாலைந்து குடும்பப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஊரில் யாரும் குடும்பப் பெயர் சொல்வதில்லை, பண்ணைப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆக்சிஜன் இயந்திரத்தோடு தனியே இருக்கும் ஒரு முதியவரைப் பற்றிக் கவலைப்பட்டு விசாரித்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் "அந்தப் பண்ணைக்குக் காலையிலேயே போய்விட்டோம், சிலிண்டர் மாற்றியாயிற்று" என்றார்கள்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் அது என்னை மிகவும் வாட்டியது. மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் கிடைக்கிற வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது நடங்கள். மாலையில் ஊர்க்கூடத்தில் என்ன நடந்தாலும் போய் உட்காருங்கள். என்னைக் காப்பாற்றியது தேவாலயக் கூடத்துப் பாட்டுப் பயிற்சி. எனக்கு மொழியும் தெரியாது, மதமும் வேறு. ஒருவரும் அதைக் கேட்கவில்லை. தாளை நீட்டி "நீங்கள் பேஸ் குரல், அந்தப் பக்கம்" என்றார்கள்.

---

டவிக்கரை | டிசம்பர் 11

டாக்டர் ஐயா, பத்திரமாக இருக்கிறீர்கள் என்பதே சந்தோஷம். இங்கேயும் மரங்கள் விழுந்தன, ஆறும் வயலுக்குள் ஏறியது. முன்பெல்லாம் டவி பெருகினால் மகன்த்லெத்தின் பழைய பாலம் மூடிவிடும், நான் வடக்குக் கரை நோயாளிகளைப் பார்க்க மலை சுற்றிப் போக வேண்டும். இந்த வருடத் தொடக்கத்தில் உயரமான புதுப் பாலம் திறந்ததால் அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

---

வனமாணவி | டிசம்பர் 15

பாங்கரில் வனவியல் படிக்கிறேன். எல்லோரும் அன்பாக எழுதுகிறீர்கள், அதனால் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பச்சை மலைகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு வெறுமை தெரிகிறது.

அடுத்த முறை மலையேறும்போது தனியே நிற்கும் ரோவன் மரங்களைக் கவனியுங்கள், செஞ்சிவப்புக் காய் காய்க்குமே, அது. எங்கே நிற்கிறது? பாறை வெடிப்பில், ஓடையின் செங்குத்துச் சரிவில். ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் மட்டும். மற்ற இடமெல்லாம் கன்று முளைத்ததுமே கடித்துவிடுகிறது. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஓக் காடு. கிளையெல்லாம் பாசியும் பெரணியும் தொங்கும் ஈரக்காடு. இன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் மிச்சம். மே மாதம் அதற்குள் போனால் தரை முழுக்க நீலமணிப் பூ. வெல்ஷில் அதற்குப் பெயர் 'குயிலின் மணிகள்', குயில் வரும் காலத்தில் பூப்பதால். அந்தக் குயிலே இப்போது குறைந்துகொண்டு வருகிறது. மலையில் வசந்தத்துக்குக் கூடு கட்ட வரும் கர்லூ பறவை, அந்த நீண்ட வளைந்த அலகுக்காரி, அதுவும் அப்படியே. பருவம் வேலையில் தெரிகிறது என்கிறீர்கள் அக்கா. பறவையிலும் பூவிலும் தெரிய வேண்டாமா?

---

மொழிப்பித்தன் | டிசம்பர் 16

தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரம் என்ற சொல்லைக் கேட்டால் ஏன் ஒரு பண்ணைக் குடும்பத்தின் முகம் மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1940இல் ராணுவப் பயிற்சிக்காக எப்பிண்ட் மலையிலிருந்து 54 வீடுகளைக் காலி செய்தார்கள், 219 பேர். போர் முடிந்தும் அவர்கள் திரும்பவில்லை. 1965இல் லிவர்பூல் நகரத்துத் தண்ணீருக்காக கபெல் கெலின் கிராமம் அணைக்குள் மூழ்கியது. பள்ளி, தபால் நிலையம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம். முதல் உலகப் போருக்குப் பிறகு மலைமலையாக சிட்கா ஸ்ப்ரூஸ் நட்டார்கள். ஆடு மேய்ந்த இடத்தில் வெளிச்சம் நுழையாத ஊசியிலைத் தோப்பு வந்தது, பண்ணை வீடுகள் அதற்குள் இடிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு தடவையும் முடிவு வெளியிலிருந்து வந்தது.

ஆகவே பண்ணை நிலத்தில் 10 சதவீதம் மரம் இருந்தால்தான் மானியம் என்று அரசு சொன்னபோது, இந்த வருடம் மார்ச் மாதம் கார்டிஃபில் வேல்ஸ் நாடாளுமன்றப் படிகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். போகக்கூடிய வேலைகளின் கணக்கு அது. சென்ற மாதம் அந்த 10 சதவீத நிபந்தனையைக் கைவிட்டார்கள். மரத்தின் மேல் இவர்களுக்குக் கோபம் இல்லை. பண்ணை போனால் பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளை குறையும், பள்ளி மூடும், பிறகு மொழி போகும். கிராமப்புறத்தில் வெல்ஷ் பேசும் தொழில் என்று ஒன்று பெரிய அளவில் மிச்சம் இருப்பது விவசாயம்தான்.

---

வனமாணவி | டிசம்பர் 16

அண்ணா, இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கபெல் கெலின் தெரியும். எப்பிண்ட் பற்றி இன்றுதான் படிக்கிறேன்.

---

டவிக்கரை | டிசம்பர் 18

தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரோவன் மரத்தைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னபடியேதான், ஏழு மரம், ஏழும் பாறையில். ஆறு வருடமாக அந்தப் பாதையில் நடக்கிறேன், இப்போதுதான் கண்ணில் பட்டது. பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஓடைக்கரை ஓரத்தில் வேலி போட்டு விட்டால் தானாகவே முளைக்கும், யாரும் வந்து கணக்கெடுக்காமல் இருந்தால் தானே செய்வேன் என்றார். வேலியோரச் செடிவரிசையை அவர் குளிர்காலத்தில்தான் பின்னுவார். தண்டைப் பாதிக்கு மேல் வெட்டி, முறியாமல் சாய்த்து, குச்சிகளுக்கிடையே கோர்த்து விடுவார். சாய்ந்த தண்டு வசந்தத்தில் நெடுகத் துளிர்க்கும். அதில் கூடு கட்டும் குருவிகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. விடுமுறையில் வா, கூட்டிக்கொண்டு போகிறேன்.

---

கார்மார்த்தன் மருத்துவர் | 2025 ஜனவரி 14

நேற்று பெம்ப்ரோக்ஷயரில் கூம் க்வைன் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். அங்கே புத்தாண்டு ஜனவரி 13தான்! பிரிட்டன் 1752இல் நாட்காட்டியை மாற்றியது. இந்தப் பள்ளத்தாக்கு பழைய புத்தாண்டை விடவில்லை. பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள், மிட்டாயும் காசும் வாங்குகிறார்கள். காலையில் ஆரம்பித்த குரல் கடைசி வீட்டில் கம்மிப் போயிருந்தது, அப்போதும் எல்லா அடியையும் பாடித்தான் முடித்தார்கள்.

---

சிவகங்கைச்சீமை | பிப்ரவரி 2

அக்கா, கிடா இறக்கியது என்ன ஆயிற்று?

---

டவிக்கரை | பிப்ரவரி 4

நேற்றுதான் ஸ்கேன்காரர் வந்தார் அண்ணே! கர்ப்பிணிக்குப் பார்ப்பது போலவே ஆட்டுக்கும். கூண்டுக்குள் ஒவ்வொன்றாக வரும், அவர் திரையைப் பார்த்து "ஒன்று", "இரண்டு", "காலி" என்று சொல்வார், நான் முதுகில் புள்ளி வைக்க வேண்டும். இரட்டை சுமப்பவற்றுக்குக் கூடுதல் தீனி. ஒற்றைக்கு அதிகம் போட்டால் குட்டி பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும். பாதி நாள் சாரல், கை விறைத்தது. இந்த ஊரில் கனமழைக்கு "கிழவிகளும் தடிகளுமாகப் பெய்கிறது" என்பார்கள், அந்த அளவுக்கு இல்லை. ஓடைக்கரையில் பனித்துளிப் பூ வந்துவிட்டது.

---

டவிக்கரை | ஏப்ரல் 3

மார்ச் முழுக்க வெயில். இப்படி ஒரு உலர்ந்த வசந்தத்தைப் பெரியவரே அரிதாகத்தான் பார்த்திருக்கிறாராம். குட்டிகளுக்கு நல்லது. குளிர்கூடப் பரவாயில்லை, குளிரோடு மழையும் சேர்ந்தால்தான் பிறந்த குட்டி விறைத்துப் போகும்.

முந்தாநாள் இரவு ஒரு மணிக்குப் பெரியவரின் மகள் கூப்பிட்டாள். ஒரு ஆட்டுக்கு இறந்த குட்டி பிறந்திருந்தது. அதே நேரம் வேறொன்று மூன்று ஈன்றிருந்தது. ஆட்டுக்கு மடியில் காம்பு இரண்டுதானே. மூன்றாவதைக் குட்டி இழந்த தாயிடம் விட வேண்டும், ஆனால் வாசனை வேறாக இருந்தால் முட்டித் தள்ளிவிடும். அவள் இறந்த குட்டியின் தோலை உரித்தாள். நாலு கால் ஓட்டையோடு ஒரு சட்டை மாதிரி வந்தது. நான் உயிருள்ள குட்டியைப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் அந்தத் தோலைப் போர்த்தினாள். பிறகு பட்டியில் விட்டாள்.

தாய் முகர்ந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மறுபடி முகர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நாங்கள் இருவரும் வைக்கோலில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போயாக வேண்டும், இல்லையென்றால் குழாய் வைத்துப் புகட்ட வேண்டும். பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல். ஈன்ற ஆடு தன் குட்டியோடு மட்டும் பேசும் சத்தம் அது. குட்டி மடியைத் தேடிப் பிடித்தது, வால் ஆடியது.

இன்று தோலைக் கழற்றிவிட்டார்கள். தாய்க்கும் குட்டிக்கும் பச்சைச் சாயத்தில் ஒரே எண் போட்டாயிற்று, 41. நாளைக்கு ஓடைக்கரை வயலில் விடுகிறார்கள். அங்கே புது வேலி நிற்கிறது, தங்கை, நீ பார்க்கணும்.